இம்பாக்ட் டிரைவர் பிட்: எது உழைக்கும், எது முறியும்? நீங்களே சோதித்துப் பார்க்க முழு வழிகாட்டி

ஹார்டுவேர் கடையில் இம்பாக்ட் டிரைவருக்கு (ஸ்க்ரூவை அடித்துத் திருகி ஏற்றும் மெஷின்) ஸ்டார் பிட் கேட்டால் மூன்று வகை எடுத்துப் போடுவார்கள். சில்லறையாகக் கிடைக்கும் 65 மி.மீ. இரட்டை முனை பிட் ஒன்று. தங்க நிறப் பூச்சோடு மின்னுவது இன்னொன்று. மூன்றாவது, நடுவில் இடுப்பு ஒடுங்கி, பெரிய கம்பெனி அட்டையில் வருவது. விலை முதலாவதைப் போலப் பல மடங்கு. மூன்றிலும் 'எஸ்2' என்ற எஃகு வகைப் பெயர் பொறித்திருக்கும். எது நல்லது என்று கேட்டால் "எல்லாமே நல்லா உழைக்கும்ணே" என்ற பதில்தான் வரும்.

வீட்டில் எப்போதாவது ஒரு அலமாரி மாட்டுகிறவருக்கு அந்தப் பதில் போதும். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், கூரை ஷீட் என்று தினமும் நூற்றுக்கணக்கில் ஸ்க்ரூ ஏற்றுகிறவருக்குப் போதாது. அவருக்கு பிட்டின் விலை பெரிய செலவே இல்லை. வழுக்கும் பிட் அழித்துவிடும் ஸ்க்ரூ தலை, அதைப் பிடுங்க ஆகும் நேரம், லேமினேட் மேல் விழும் கீறல் இவைதான் செலவு.

எந்த பிட் சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். ஒரு வேலையில் நாள்கணக்கில் உழைக்கும் பிட் இன்னொரு வேலையில் அரை மணியில் முறியும். அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும்: உங்கள் வேலையில் பிட் எப்படிச் சாகிறது? தேய்ந்தா, முறுகியா, முறிந்தா? அது தெரிந்தால் எதை வாங்குவது என்பது பெரும்பாலும் தானாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்கும் வழிதான் இந்தக் கட்டுரை.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது

இம்பாக்ட் டிரைவரும் ஹேமர் டிரில்லும் ஒன்றல்ல. ஹேமர் டிரில் முன்னோக்கி இடிக்கும். இம்பாக்ட் டிரைவர் சுற்றும் திசையில் அடிக்கும். உள்ளே ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு சுத்தியல் இருக்கிறது; அதற்கு முன்னால், பிட்டைப் பிடித்திருக்கும் பட்டடை. ஸ்க்ரூ இலகுவாக இறங்கும் வரை இரண்டும் சேர்ந்தே சுற்றும். தடை கூடியதும் சுத்தியல் பின்வாங்கி, பட்டடையின் காதைத் தாண்டிச் சுற்றி, மறுபடி வந்து அடிக்கும். நாம் கேட்கும் டக்டக் சத்தம் அதுதான்.

18 வோல்ட் மெஷின்களில் நிமிடத்துக்குச் சுமார் 3,000 முதல் 4,000 அடி விழும். பரவலாகப் புழங்கும் மக்கிட்டா டிடிடி152 மாடலுக்கு நிமிடத்துக்கு 3,500 அடி, அதிகபட்ச முறுக்கு விசை 165 நியூட்டன் மீட்டர். விநாடிக்குக் கணக்கிட்டால் 58 அடி. ஒரு ஸ்க்ரூவில் மூன்று விநாடி டக்டக் கேட்டால் பிட் 175 அடி வாங்கியிருக்கிறது. நூறு ஸ்க்ரூவுக்கு 17,500 அடி. கையில் திருப்பும் ஸ்க்ரூடிரைவருக்கோ கிளட்ச் வைத்த சாதாரண டிரில்லுக்கோ செய்த பிட் இதைத் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சின்னக் கார்களின் சக்கர நட்டை இறுக்கச் சொல்லும் அளவு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதைவிடப் பெரிய எண்ணை எழுதிய மெஷினின் முனையில் நாம் மாட்டுவது, 6 மி.மீ. தடிமன்கூட இல்லாத ஒரு கூர்நுனியை. அந்த 165 முழுவதும் நுனிக்குத் தொடர்ந்து போவதில்லை என்பதால்தான் பிட் பிழைக்கிறது: ஒவ்வொரு அடியும் மிகக் குறுகிய நேரமே நீடிக்கிறது, மரமும் ஸ்க்ரூவும் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கின்றன. ஸ்க்ரூ முழுவதும் இறங்கி, தலை இரும்பில் முட்டி நின்ற பிறகும் மெஷினின் டிரிகரை விடாமல் பிடித்தால் நகர்ந்து கொடுக்க ஒன்றும் இருக்காது. பிட்கள் முறிவது பெரும்பாலும் அந்தக் கடைசி ஒரு விநாடியில்தான்.

கடினமும் தாங்கும் சக்தியும்

எஃகின் கடினத்தை ராக்வெல் சி அளவில் சொல்வார்கள். நல்ல எஸ்2 பிட்கள் சுமார் 58 முதல் 62 வரை வரும். சாதாரண குரோம் வனேடியம் பிட்கள் பொதுவாக அதற்குக் கீழே. எஸ்2 என்பது அதிர்ச்சி தாங்குவதற்கென்றே வகுத்த கருவி எஃகு வரிசையைச் சேர்ந்தது. கார்பன் அரை சதவீதத்தை ஒட்டி, சிலிக்கான் ஒரு சதவீதத்தை ஒட்டி, கூடவே கொஞ்சம் மாலிப்டினம்.

ஆனால் எஸ்2 என்ற பொறிப்பு எஃகின் குலத்தைத்தான் சொல்கிறது. சூடாக்கி, குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடாக்கி இளக்கும் பதப்படுத்தல்தான் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. அதை அட்டையில் யாரும் விவரமாக எழுதுவதில்லை. ஒரே எஃகைக் கூடுதல் கடினமாக வைத்தால் நுனி சீக்கிரம் தேயாது, ஆனால் அடி வாங்கினால் சில்லு தெறிக்கும். கொஞ்சம் இளக்கி வைத்தால் முறியாது, ஆனால் தேயும், முறுகும். இரண்டையும் ஒரே பிட்டில் உச்சத்தில் வைக்க முடியாது. ஜெர்மனியின் வேரா கம்பெனி கூடுதல் கடினமான பிட்களையும் நெகிழ்வான பிட்களையும் தனித்தனி வரிசையாகவே விற்பது இதனால்தான்.

தங்க நிறம் பற்றி ஒரு வார்த்தை. உண்மையான டைட்டானியம் நைட்ரைடு பூச்சு சில மைக்ரான் கனம்தான் இருக்கும். எஃகைவிட மிகக் கடினமானது. கீழே இருக்கும் எஃகு மென்மையாக இருந்தால் அந்தப் பூச்சால் பயனில்லை, அஸ்திவாரம் அமுங்கும்போது மேல்தோல் வெடித்துவிடும். மலிவு விலையில் வரும் தங்க நிறம் பல சமயம் வெறும் நிறம். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

இடுப்பு ஒடுங்கிய பிட்டுக்கு மட்டும் உருப்படியான காரணம் உண்டு. அந்த மெல்லிய பகுதி ஒவ்வொரு அடிக்கும் சில டிகிரி முறுகித் திரும்பி வரும். அடியின் உச்சம் தணிந்து, கொஞ்சம் நீண்ட நேரத்துக்குப் பரவுகிறது. நுனி தப்பிக்கிறது. டெவால்ட், மில்வாக்கி, பாஷ், மக்கிட்டா என்று எல்லோரும் வெவ்வேறு பெயரில் விற்பது இந்த ஒரே யோசனையைத்தான். இதற்கும் விலை உண்டு: முறுகும் இடுப்பு அடியின் வேகத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்கும். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அந்த பிட்டோடு மல்லுக்கட்டினால் மெஷின் சத்தம் போடும், போல்ட் அசையாது. அங்கே தடித்த நேரான தண்டுதான் வேலை செய்யும்.

பிராண்டுக்கு முன்னால் தலையைப் பாருங்கள்

நாம் ஸ்டார் என்று சொல்லும் பிலிப்ஸ் தலை 1930களின் அமெரிக்கச் சரக்கு. 1936இல் காடிலாக் கார் தொழிற்சாலையில் நுழைந்து அங்கிருந்து பரவியது. அதன் பள்ளத்தின் சுவர்கள் உள்நோக்கிச் சரிந்தவை. திருப்பும்போது அந்தச் சரிவு பிட்டை வெளியே தள்ளும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிட்டும் இந்த வடிவத்திலிருந்து தப்ப முடியாது.

போசிட்ரைவ் இதைச் சரிசெய்ய வந்தது. சுவர்கள் ஏறக்குறைய நேராக நிற்கும். தலையில் பெரிய சிலுவைக்கு நடுவே சாய்வாக நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போசிட்ரைவ். இறக்குமதியான கீல்களோடும் டிராயர் சேனல்களோடும் வரும் ஸ்க்ரூக்களில் இதை நிறையப் பார்க்கலாம். நம் ஊர் தச்சுவேலையில் பிட் சீக்கிரம் தேய்வதற்கு நான் முதலில் சொல்லும் காரணம் இதுதான்: பிஇசட்2 (போசிட்ரைவ் 2ஆம் அளவு) தலையில் பிஎச்2 (பிலிப்ஸ் 2ஆம் அளவு) பிட்டைச் சொருகித் திருப்புகிறார்கள். சொருகும், சுற்றவும் செய்யும், நான்காவது ஸ்க்ரூவில் வழுக்கும். பழி பிட் கம்பெனி மேல் விழும்.

டார்க்ஸ் 1967இல் வந்தது. ஆறு இதழ், நேர்ச்சுவர், வெளியே தள்ளும் விசை அநேகமாக இல்லை. கடையில் ஸ்டார் என்று கேட்டால் பிலிப்ஸ்தான் கொடுப்பார்கள், அதனால் டார்க்ஸ் என்றே பெயர் சொல்லி, டி20, டி25 என்று எண்ணோடு கேளுங்கள். ஸ்க்ரூ தேர்வு உங்கள் கையில் இருந்தால் டார்க்ஸுக்கு மாறிவிடுவது, உலகின் மிக விலை உயர்ந்த பிலிப்ஸ் பிட்டை வாங்குவதைவிடப் பெரிய முன்னேற்றம். ஆனால் நம் பக்கத்தில் பிளைவுட்டுக்கு வாங்கும் ஸ்க்ரூ பெரும்பாலும் பிலிப்ஸ்தான் என்பதால், கீழே வரும் சோதனையை, உடைக்கும் சோதனை நீங்கலாக, பிஎச்2 பிட்டை வைத்தே சொல்கிறேன்.

படி 1: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

"எல்லா வேலைக்கும் எது நல்லது" என்று சோதிக்க முடியாது. நீங்கள் அதிகம் செய்யும் வேலை எதுவோ, அதே ஸ்க்ரூ, அதே மரம், அதே மெஷின். ஒப்பிடும் பிட்களும் ஒரே அளவு, ஒரே நீளம், ஒரே வகைத் தண்டு. 25 மி.மீ. குட்டை பிட்டை மேக்னெட் ஹோல்டரில் மாட்டி, நேராகச் சக்கில் (மெஷினில் பிட்டைக் கவ்வும் வாய்) மாட்டும் 50 மி.மீ. பிட்டோடு ஒப்பிட்டால் நீங்கள் சோதிப்பது ஹோல்டரைத்தான்.

படி 2: வாங்குவது

ஒவ்வொரு வகையிலும் ஒன்று மட்டும் வாங்கிச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. பதப்படுத்தல் ஒவ்வொரு அடுப்புக்கும் மாறும். மலிவு பிட்களில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து. இரண்டு வேறு கடைகளில் வாங்கினால் இன்னும் நல்லது. பெரிய கம்பெனிப் பெயரில் போலிகளும் சந்தையில் உண்டு என்பதால் அட்டையின் அச்சுத் தரம், பிட் மேல் பொறித்த எழுத்து இரண்டையும் பாருங்கள்.

தண்டையும் கவனியுங்கள். 6.35 மி.மீ. அறுகோணம் எல்லாவற்றுக்கும் பொது, ஆனால் பூட்டும் பள்ளம் எங்கே இருக்கிறது என்பது மாறும். மக்கிட்டாவின் சில மாடல்களில் பிட் துளை ஆழமானது, 9 மி.மீ. பள்ளம் கொண்ட ஐரோப்பிய, அமெரிக்க பிட்டை அதில் மாட்ட உள்ளே ஒரு சின்னத் துண்டு போட வேண்டும். மெஷின் கையேட்டில் படம் போட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் மாட்டினால் பிட் ஆடும், சோதனை முழுவதும் வீண்.

படி 3: மெஷினில் ஏற்றும் முன்

இது பத்து நிமிட வேலை, ஆனால் பாதி பதில் இங்கேயே கிடைத்துவிடும்.

முதலில் பொருத்தம். ஒரு எஸ்எஸ் 304 ஸ்க்ரூவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மேக்னெட் அநேகமாக இழுக்காது, அதனால் பிட்டின் காந்தம் உங்களை ஏமாற்றாது. பிட்டைக் கிடையாகப் பிடித்து அதன் நுனியில் ஸ்க்ரூவைச் சொருகுங்கள். விழாமல் நிற்கிறதா? நின்றால் எவ்வளவு ஆடுகிறது? நல்ல பிட்டில் ஸ்க்ரூ இறுக்கமாக உட்காரும். மோசமானதில் தலை ஆட்டும், அல்லது கழன்று விழும். பிறகு, சோதனைக்கு வாங்கிய அதே ஸ்க்ரூவிலும் ஆட்டத்தைப் பாருங்கள். என் அனுபவத்தில் தேய்மானச் சோதனையின் முடிவை இந்த ஒரு ஆட்டமே பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. எஃகு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நுனியின் கடைசல் சரியில்லை என்றால் விசை முழுவதும் நான்கு விளிம்புகளில் மட்டும் ஏறும், விளிம்பு மழுங்கும்.

அடுத்து, ஒரு லென்ஸ் வைத்து நுனியைப் பாருங்கள். நான்கு இறக்கைகளும் ஒரே கனமா, பிசிறு இருக்கிறதா. வெர்னியர் இருந்தால் அறுகோணத்தின் எதிரெதிர் முகங்களை அளங்கள், 6.35க்குக் கணிசமாகக் குறைந்தால் சக்கில் ஆடும். மெஷினில் மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு, நுனி வட்டம் போடுகிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக அரம். புதிய, கூர்மையான அரத்தைத் தண்டின் ஒரு மூலையில் லேசாக இழுங்கள். நல்ல கடினம் இருந்தால் அரம் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கும். துகள் விழுந்தால் மென்மை. இது துல்லியமான அளவீடு இல்லை, ஆனால் எஸ்2 என்று பொய் சொல்லும் பிட்டைப் பிடிக்க இது போதும்.

படி 4: மரமும் ஸ்க்ரூவும்

தேக்கு, வேங்கை என்று கட்டை மரத்தில் சோதிக்கத் தோன்றும். வேண்டாம். ஒரே பலகையில் ஒரு கை தள்ளினால் கடினம் மாறிவிடும், கணு வந்தால் கதை முடிந்தது. ஐஎஸ் 710 தரத்து 18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு துண்டை ஒட்டி ஒரு கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைவிடச் சீரானது, நீங்கள் வேலை செய்யும் பொருளும் அதுதான்.

ஸ்க்ரூ ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும், புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை ஏற்றி இறக்கிய ஸ்க்ரூவின் தலை ஏற்கெனவே கொஞ்சம் அழிந்திருக்கும். 35 மி.மீ. நீளம் போதும், அதற்கு மேல் போனால் 36 மி.மீ. கட்டையைத் தாண்டி மேசையில் இறங்கும். கறுப்பு நிற ஜிப்சம் ஸ்க்ரூ இந்தச் சோதனைக்கு ஆகாது, கனமான பிளைவுட்டில் பிட்டுக்கு முன்னால் ஸ்க்ரூவே கழுத்தில் முறியும். ஸ்க்ரூவுக்கு முன்னோட்டத் துளை போடுவதா வேண்டாமா என்பதை முதலிலேயே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். வேலைத்தளத்தில் நீங்கள் போடுவதில்லை என்றால் இங்கேயும் போடாதீர்கள்.

படி 5: தேய்மானச் சோதனை

இதில் பெரிய எதிரி உங்கள் கைதான். பிலிப்ஸில் நுனியைப் பள்ளத்தில் வைத்திருப்பது நீங்கள் கொடுக்கும் அழுத்தம். காலையில் பத்து கிலோ அழுத்தம் கொடுத்தவர் மதியம் ஆறு கிலோவுக்கு வந்துவிடுவார், பிட் வழுக்கத் தொடங்கும். உடல் எடை பார்க்கும் தராசு, முள் வைத்த பழைய வகை இருந்தால், தரையில் வைத்து அதன்மேல் ஒரு கட்டையைப் போட்டு, மெஷினை ஓடவிடாமல் அழுத்திப் பாருங்கள். பத்து கிலோ எப்படி இருக்கும் என்று கைக்குப் பழகட்டும். பழகிய பிறகு தராசை நகர்த்திவிடுங்கள், அதன் மேல் வைத்து ஸ்க்ரூ ஏற்ற வேண்டாம்.

ஒரு பிட்டை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் 20 ஸ்க்ரூ, பிறகு அடுத்த பிட், இப்படியே சுற்றி வாருங்கள். பேட்டரி இறங்குவது, மெஷின் சூடாவது, கை சோர்வது எல்லாம் எல்லா பிட்டுக்கும் சமமாகப் பங்காகும். மூன்று வேகம் உள்ள மெஷினில் ஒரே வேகத்தில் வையுங்கள். முடிந்தால் தண்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி எண் மட்டும் எழுதி, எது எந்தக் கம்பெனி என்பதை இன்னொருவர் குறித்து வைத்துக்கொள்ளட்டும். விலை கூடின பிட்டைப் பிடிக்கும்போது நாம் தெரியாமலே இன்னும் நேராகப் பிடிப்போம்.

நோட்டில் மூன்று எண் போதும்: ஏற்றிய ஸ்க்ரூ, வழுக்கிய தடவை, தலை அழிந்த ஸ்க்ரூ. எப்போது பிட் முடிந்தது என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். தொடர்ந்து மூன்று ஸ்க்ரூவில் வழுக்கினால் முடிந்தது என்று நான் வைத்துக்கொள்வேன். முழுவதும் மழுங்கும் வரை ஓட்டத் தேவையில்லை, வேலைத்தளத்தில் அதற்கு வெகு முன்பே தூக்கி எறிந்திருப்பீர்கள்.

படி 6: உடைக்கும் சோதனை

கண்ணாடி போடுங்கள். சாதாரண பார்வைக் கண்ணாடி இல்லை, பக்கவாட்டை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி. தெறிக்கும் எஸ்2 சில்லு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இம்பாக்ட் டிரைவர் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும், காதையும் அடைத்துக்கொள்ளுங்கள்.

முறுக்கு விசை ரென்ச் வைத்து, பிட்டை வைஸில் கவ்வி, எத்தனை நியூட்டன் மீட்டரில் முறிகிறது என்று பார்க்கும் சோதனை பிரபலம். பிலிப்ஸுக்கு வீட்டில் இதைச் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிட்டை எதிர்த்து நிற்கும் அளவுக்குக் கடினமான பிலிப்ஸ் பள்ளம் நம்மிடம் கிடையாது. ஸ்க்ரூ தலைதான் முதலில் கிழியும், பிட்டின் எண் என்று நாம் எழுதுவது ஸ்க்ரூவின் எண்ணாக இருக்கும். டார்க்ஸ் என்றால் நிலைமை வேறு. 10.9 தர எம்6 பட்டன் தலை போல்ட்டில் டி30 பள்ளம் வரும். அதை 10 மி.மீ. எம்எஸ் (சாதாரண மென்னிரும்பு) தகட்டில் மரை போட்டு இறக்கி, அடிப்பக்கம் வெல்டு வைத்துவிட்டால் நல்ல சோதனைக் கட்டை கிடைக்கும். போல்ட்டை மாற்றாமல் எல்லா பிட்டையும் சோதிக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் புது போல்ட்.

அதே கட்டையில் இம்பாக்ட் டிரைவரை வைத்து ஐந்து விநாடி அடிக்கவிடுங்கள். நிறுத்துங்கள், நுனியைப் பாருங்கள், மறுபடி ஐந்து விநாடி. எத்தனையாவது சுற்றில் முறிந்தது, முறிந்ததா முறுகியதா என்று எழுதுங்கள். அசையாத போல்ட்டை அடிப்பதால் இது மிகக் கொடூரமான சோதனை. இடுப்பு ஒடுங்கிய பிட்கள் தங்கள் விலைக்கு நியாயம் சொல்லும் இடம் இதுதான். பிளைவுட் சோதனையில் அவற்றுக்கும் நேர்த்தண்டு பிட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம்; அங்கே மரம்தான் ஸ்பிரிங் வேலையைச் செய்கிறது.

படி 7: செத்த பிட்டைப் படிப்பது

உடைந்ததைக் குப்பையில் போடும் முன் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

இறக்கைகளின் விளிம்பு வழவழவென்று மழுங்கியிருந்தால் அது வழுக்கல் தேய்மானம். பொருத்தம் சரியில்லை, அழுத்தம் போதவில்லை, அல்லது தலை வகை மாறிவிட்டது. இதற்குக் கூடுதல் விலை இம்பாக்ட் பிட் மருந்தல்ல.

நான்கில் ஒரு இறக்கை மட்டும் சில்லாகப் போயிருந்தால், கடினம் கூடிய பிட்டைச் சாய்வாகப் பிடித்து அடித்திருக்கிறீர்கள்.

நுனி முறுக்குப் போல் திருகி நின்றால் எஃகு மென்மை. முறியாமல் முறுகியதைப் பலர் குறையாகப் பார்ப்பார்கள்; வாடிக்கையாளரின் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது நான் அதையே விரும்புவேன்.

முறிவுதான் சுவாரசியமானது. சாக்பீஸை இரண்டு கையாலும் முறுக்கினால் சாய்வாக, சுருளாக உடையும். நொறுங்கும் தன்மையுள்ள எந்தப் பொருளும் முறுக்கில் அப்படித்தான் உடையும். பிட்டும் அப்படி 45 டிகிரிச் சாய்வில் போயிருந்தால் அது அளவுக்கு மீறி நொறுங்கும் பதத்தில் இருந்தது. அச்சுக்குக் குறுக்காகத் தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் நெகிழ்ந்து கொடுத்த பிறகுதான் அறுந்திருக்கிறது, அதாவது சுமை அதிகம். முறிந்த முகத்தில் ஒரு பகுதி மழமழப்பாகவும் மறுபகுதி கரடாகவும் இருந்தால் அது ஒரே அடியில் நடந்ததில்லை. முதலில் விரிசல், பிறகு ஆயிரக்கணக்கான அடியில் அது வளர்ந்து, கடைசியில் அறுந்திருக்கிறது. உள்ளே துரு தெரிந்தால் விரிசல் பல நாள் பழையது. கடற்கரை ஊர்களில் ஈரக்காற்றில் கிடந்த பிட்டில் துருக்குழியிலிருந்தே விரிசல் தொடங்கலாம்.

சக்கின் வாயில், பூட்டும் பள்ளத்தில் முறிந்தால் பிட்டைக் குறை சொல்லும் முன் சக்கைப் பாருங்கள். தேய்ந்த சக், நீளமான எக்ஸ்டென்ஷன், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தல் மூன்றும் அந்த இடத்தை வளைக்கும்.

படி 8: கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கு. 40 ரூபாய் பிட் 150 ஸ்க்ரூ ஏற்றியது; 150 ரூபாய் பிட் 900 ஏற்றியது. ஸ்க்ரூவுக்கு முதலாவதில் ஏறக்குறைய 27 பைசா, இரண்டாவதில் 17 பைசா. வித்தியாசம் 10 பைசா, இதற்காகவா இவ்வளவு பாடு என்று தோன்றும். இனி மூன்றாவது எண்ணைச் சேருங்கள்: தலை அழிந்த ஸ்க்ரூ. ஒன்றைக் கழற்ற ஐந்து நிமிடம் என்று வைத்து, உங்கள் ஒரு நாள் கூலியை நிமிடத்துக்கு வகுத்துப் பாருங்கள். 10 பைசா அங்கே காணாமல் போய்விடும். அதனால் இரண்டு பிட்டில் எதை எடுப்பது என்றால் நான் ஸ்க்ரூ எண்ணிக்கையைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, முடியும் தறுவாயில் அது எத்தனை தலையை அழித்தது என்பதை. சில பிட்கள் திடீரென்று முறிந்து ஒதுங்கும். சில கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கி, ஒதுங்கும் முன் பல தலைகளைக் காலி செய்யும். இரண்டாவது வகைதான் அதிகச் செலவு வைக்கும்.

எந்த வேலைக்கு எதை மாட்டுவது

ஜிப்சம் போர்டு, ஃபால்ஸ் சீலிங்: ஸ்க்ரூ சின்னது, தடை குறைவு, எண்ணிக்கை மிக அதிகம். சில்லு தெறிக்கும் அபாயம் குறைவு என்பதால் கடினம் கூடிய பிட்டே இங்கே உழைக்கும். உண்மையில் இந்த வேலைக்கு இம்பாக்ட் டிரைவரே வேண்டாம். ஆழத்தில் தானே நிற்கும் ஜிப்சம் ஸ்க்ரூ கன்தான் சரி.

பிளைவுட், மாடுலர் கிச்சன்: பொருத்தம்தான் எல்லாம். நல்ல பொருத்தம் உள்ள நடுத்தர விலை எஸ்2 பிட், நேர்த்தண்டானாலும் போதும். வைரத்துகள் ஒட்டிய வேரா பிட்கள் பள்ளத்தை நன்றாகக் கவ்வும், குறிப்பாக விலை உயர்ந்த லேமினேட் மேல் வேலை செய்யும்போது வழுக்கலைக் குறைக்கும். துகள் உதிர்ந்த பிறகு அதுவும் சாதாரண பிட்தான்.

இரும்பு டியூபில் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ: இடுப்பு ஒடுங்கிய பிட்டுக்குக் காசு போட வேண்டிய இடம் இது. தலை முட்டியதும் டிரிகரை விட்டுவிடுங்கள்.

எஸ்எஸ் ஸ்க்ரூ: பிட்டைவிடத் தலை மென்மை. முன்னோட்டத் துளை போட்டு, மெதுவான வேகத்தில் ஏற்றுங்கள். ஜப்பானிய பைக்குகளின் பழைய குறுக்குத் தலை ஸ்க்ரூக்கள் பிலிப்ஸ் போல இருந்தாலும் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் இருக்கும். அதற்கு ஒசாகாவின் வெசல் கம்பெனி பிட்கள் நன்றாக உட்காரும்.

கூரை ஷீட்டின் அறுகோணத் தலை ஸ்க்ரூவுக்கு நட் செட்டர், பெரும்பாலும் 8 மி.மீ. அது தேய்வதைவிட, உள்ளே இருக்கும் மேக்னெட்டில் இரும்புத் துகள் சேர்ந்து தலை முழுவதும் உட்காராமல் போவதுதான் அதிகம். அரைகுறையாக உட்கார்ந்த தலைதான் மூலை மழுங்கும். ஒட்டும் டேப்பை விரலில் சுற்றி உள்ளே அழுத்தி எடுத்தால் துகள் வந்துவிடும். ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் மழையில் ஒழுகும். எந்த நட் செட்டர் வாங்கினாலும் இது மாறாது.

தேய்ந்த பிலிப்ஸ் பிட்டின் நுனியைக் கிரைண்டரில் அரை மில்லி தட்டிவிட்டு மறுபடி ஓட்டும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. பலன் இல்லாமல் இல்லை: மழுங்கிய கூர்நுனி பள்ளத்தின் அடியில் முட்டி நின்றுகொண்டிருந்தால், அதைக் குறைத்ததும் இறக்கைகள் இன்னும் ஆழமாக இறங்கும். தட்டும்போது நொடிக்கொரு முறை தண்ணீரில் முக்குங்கள். உலோகம் வைக்கோல் நிறத்தைத் தாண்டி நீலம் காட்டிவிட்டால் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போயிருக்கிறது, பதம் இறங்கிவிட்டது. நீலம் கண்ட பிட்டைப் பழைய டப்பாவில் மற்ற பிட்களோடு போடாமல் அங்கேயே தூக்கி எறியுங்கள்.